கோழிக்கடை மாடியில் கூவினவன்

குருன்னா தாடி இருக்கணும்னு ஒண்ணும் இல்ல. எங்க குரு ஜெசிந்தா அக்கா. ஸ்கூட்டியில வருவாங்க. சீடர் தினகரன் சார். காலேஜ்ல சமூகப்பணி படிக்கிறவர், எங்களை வச்சு வேலை பழக வந்தவர்.

நாங்கன்னா, தூத்துக்குடியில எந்தப் பள்ளிக்கூடமும் சேத்துக்காத ஆறு பேரு. சனிக்கிழமைதோறும் கோழிக்கடை மாடியில வட்டமா உக்காந்து மனசுல உள்ளதைப் பேசணும். அதுக்குப் பேரு குழு. எங்களை அதுலருந்து அனுப்பிட்டா வீட்டுல திட்டு விழும், அவ்வளவுதான். எங்கள்ல சுடலைன்னு ஒருத்தன், அவனை அனுப்பிட்டா மட்டும் திரும்ப கூர்நோக்கு இல்லத்துக்குத்தான், அதான் சின்னப் பசங்க ஜெயிலுக்குத்தான், போகணும். பைக் திருடின கேசுல, குழுவுக்கு ஒழுங்கா வரணும்னு சொல்லித்தான் கோர்ட்டு அவனை விட்டிருந்துச்சு.

தினகரன் சார் நல்லவர்தான். ஆனா புத்தகத்தைப் படிச்சுட்டு வருவார். ஒரு வாரம் மனசை வரையச் சொன்னார். ராபின் ஆட்டு ஈரலை வரைஞ்சான். அவங்க அப்பா வச்சிருக்கிறது கறிக்கடை. ஈரல் நல்லாவே வந்திருந்துச்சு.

அடுத்த வாரம் கேள்வி.

"வீட்டுல உன்னை அழ வைக்கிறது யாரு? வட்டத்துல உக்காந்தா எல்லாரும் பதில் சொல்லணும். ராபின், நீ சொல்லு."

ராபின் செருப்பைப் பார்த்தான். அதுல என்ன இருக்கு? ஒண்ணும் இல்ல. பார்த்துக்கிட்டே இருந்தான்.

"கொக்கரக்கோ!"

சுடலை. கழுத்தை நீட்டி, கண்ணை மூடி, ரெண்டு கையையும் இடுப்புல அடிச்சுக் கூவினான். கீழ கூண்டுல இருந்த பிராய்லர் எதுவும் பிறந்ததுல இருந்து அப்படிக் கூவினதில்ல. எல்லாரும் சிரிச்சோம். ராபினும் சிரிச்சான்.

"சுடலை, உக்காரு!"

உக்காந்தான். சார் என் பக்கம் திரும்பினார். "சரி, நீ சொல்லு."

நான் சட்டைப் பொத்தானைத் திருகினேன்.

"கொக்கரக்கோ!"

அன்னைக்கு அதோட குழு முடிஞ்சுது.

எல்லாரும் இறங்கினதும் சார் அக்காகிட்டப் போனார். நான் கதவுக்குப் பின்னால நின்னு கேட்டேன். கேக்கக் கூடாதுதான். கேட்டேன்.

"மேடம், ஒரு சந்தேகம். குழுவைக் கெடுக்கிறவனை என்ன செய்யணும்?"

அக்கா வடையைப் பிட்டாங்க. "யாரு கெடுக்கிறா?"

"சுடலைதான். அவனை அனுப்பிட்டா மத்த அஞ்சு பேரும் உருப்படுவாங்க."

"எப்பக் கூவுறான்?"

"எப்பவும்தான் மேடம். நான் முக்கியமான கேள்வி கேக்கும்போதெல்லாம்."

"அப்படியா."

"அனுப்பிடலாம்னு கோர்ட்டுக்கு எழுதட்டுமா?"

"அவன் எங்க போவான்னு தெரியும்ல?"

"தெரியும் மேடம். ஆனா..."

"அடுத்த சனிக்கிழமை அவன் படியில உக்காரட்டும். அவன் இல்லாம குழு எப்படி இருக்குன்னு பாப்போம். பிறகு எழுதுங்க. வடை வேணுமா தம்பி?"

"வேண்டாம் மேடம்."

"நல்லதாப் போச்சு. ஒண்ணுதான் இருக்கு."

நான் நேரா சுடலைகிட்ட ஓடினேன்.

"ஏல, உன்னைய அனுப்பப் போறாங்க. அடுத்த வாரம் வெளிய உக்கார வச்சுப் பாப்பாங்களாம். அங்க இருந்தும் கூவினேன்னா உன் கதை முடிஞ்சுது."

"நான் கூவுறது சேவல் மாதிரி இருக்கா, பெட்டை மாதிரி இருக்கா?"

"வாயை மூடுவியால, மாட்டியால?"

"மூடுதேன்" என்றான். "அந்த இல்லத்துல ராத்திரி தூக்கமே வராதுல."

சனிக்கிழமை வந்துச்சு. சுடலை படியில. உள்ள நாங்க அஞ்சு பேரு, சார், அக்கா.

"ராபின், போன வாரம் விட்ட இடத்துல இருந்து ஆரம்பி."

ராபின் செருப்பு வாரை முறுக்கினான். முறுக்கி முறுக்கி வார் அறுந்துடுச்சு. ஒருத்தரும் வாயைத் திறக்கல.

சாருக்கு முகமெல்லாம் சந்தோஷம். "பாத்தீங்களா மேடம், எவ்வளவு அமைதி!"

"ரொம்ப அமைதி" என்றாங்க அக்கா. "வட்டத்துல உக்காந்தா எல்லாரும் பதில் சொல்லணும், இல்லையா தம்பி?"

"ஆமா மேடம்."

"நீங்களும் வட்டத்துலதான இருக்கீங்க. சொல்லுங்க. வீட்டுல உங்களை அழ வைக்கிறது யாரு?"

சார் சிரிக்கப் பார்த்தார். வரல. காது ரெண்டும் சிவந்து போச்சு. குனிஞ்சு தன் ஷூவைப் பார்த்தார். நாங்களும் அதையே பார்த்தோம். சார் ஷூவுல என்ன இருக்கு? ஒண்ணும் இல்ல.

அக்கா விடல. "சொல்லுங்க தம்பி. எல்லாரும் காத்திருக்கோம்."

யாராவது ஏதாவது செஞ்சாத் தேவலைன்னு இருந்துச்சு. எனக்குக் கூவ வராது.

"கொக்கரக்கோ!"

படியில இருந்து. அவ்வளவு நீளமா அவன் என்னைக்கும் கூவினதில்ல. கீழ கோழிக்கடை அண்ணாச்சி எந்திரிச்சுப் போய்க் கூண்டை எட்டிப் பார்த்தாராம்.

விழுந்து விழுந்து சிரிச்சோம். சாரும் சிரிச்சார். சிரிச்சுக்கிட்டே கைக்குட்டையால கண்ணைத் துடைச்சார். வேர்வைன்னார். ஃபேன் அவர் தலைக்கு மேலதான் சுத்துச்சு.

பிறகு ரொம்ப மெதுவாக் கேட்டார். "மேடம், அவனை உள்ள கூப்பிடட்டுமா?"

"கூப்பிடுங்க தம்பி" என்றாங்க அக்கா. "நம்ம ரெண்டு பேரு வேலையையும் பாக்குறவன், பாவம், படியில உக்காந்திருக்கான்."