இரண்டு பக்கமும் ஒன்றுபோல

"எல்லாம் வித்துப்போச்சு டீச்சர். மனசு மட்டும் ஆறல."

சொன்னவர் அருமைநாயகம். மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர். மனைவி கிரேஸ் போய்ச்சேர்ந்த பிறகு, வீட்டில் இருக்கப் பிடிக்காமல் அச்சு ஓவியம் கற்றுக்கொள்ள வந்தார்.

டீச்சர் தாட்சாயணிக்கு அவருடைய மகள் வயதுதான். அதனால் என்ன, அந்தப் பட்டறைக்குள் அவள்தான் குரு.

மரப்பலகையில் ஒரு வண்ணத்துப்பூச்சியைச் செதுக்கி, மை தடவி, இருபத்தைந்து பிரதிகள் மட்டும் எடுத்திருந்தார் அருமைநாயகம். ஒவ்வொன்றிலும் பென்சிலால் எண் போட்டுக் கையெழுத்தும் போட்டார். தலைப்பு, 'கிரேஸ்'.

அவற்றை வைத்த கண்காட்சிக்கு வந்தவர்கள் உருகிப் போனார்கள். கூட்டை விட்டுப் பறந்த ஆத்மா என்றார் ஒருவர். உயிர்த்தெழுதல் என்றார் சபைப் போதகர். விடுதலை என்றாள் ஒரு கல்லூரிப் பெண். இத்தனையையும் அந்தச் சின்னப் பூச்சி எப்படித்தான் தாங்கியதோ.

"பாத்தவங்க எல்லாம் கண்ணைத் துடைச்சாங்க டீச்சர். எனக்கு ஒண்ணுமே தோணல. அவ அதுல இல்லவே இல்ல."

"ஏன் வண்ணத்துப்பூச்சி?"

"ஆத்மா..."

"அது அவங்க சொன்னது. நீங்க ஏன் அதை எடுத்தீங்க?"

அருமைநாயகம் தலையைச் சொறிந்தார்.

"சுலபம்னுதான். பலகையில செதுக்குறது தாள்ல இடம் வலமா மாறி விழுதுல்ல? பூச்சின்னா ரெண்டு பக்கமும் ஒண்ணு. எப்படி விழுந்தாலும் தப்பு தெரியாது."

தாட்சாயணி சிரிக்கவில்லை. புதுப் பலகை ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"அவங்க முகத்தைச் செதுக்குங்க சார்."

அவர் முதலில் பென்சிலால் வரைந்தார். வகிடு வந்தது. மூக்கு வந்தது. கொஞ்சம் தூக்கலான அந்தப் பல்கூட வந்துவிட்டது. அவருக்கே ஆச்சரியம்.

பிறகு பென்சில் ஒரு கன்னத்துக்குப் போய் நின்றது. மறு கன்னத்துக்குப் போனது. அங்கேயும் நின்றது.

"என்ன சார்?"

"மச்சம் ஒண்ணு உண்டு. கன்னத்துல."

"வைங்க. பலகையில மட்டும் எதிர்ப்பக்கம் வைக்கணும், அவ்வளவுதான்."

"அது தெரியும்."

பென்சில் அசையவில்லை. அருமைநாயகத்துக்குப் பயமாக இருந்தது.

"எந்தக் கன்னம்னு தெரியல டீச்சர்."

தாட்சாயணி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வீட்ல போட்டோ இருக்கும்ல? பாத்துக்கலாமே."

"போட்டோ இருக்கு." அவர் பென்சிலைக் கீழே வைத்தார். "முப்பது வருஷத்துக்கு மேல ஆளே கண்ணு முன்னாடி இருந்தாளே, டீச்சர்."