தெரிஞ்சவர் அனுப்பினது

பூவாணிப்பட்டியில் ஒரு கல்யாணத் தகவல் நிலையம் இருக்கு. நடத்துறவர் அரியநாயகம் அண்ணாச்சி. கூட வேலை பார்க்கிறவங்க உலகமுத்துவும் சுடலைமணியும். மூணு பேருக்கும் சேர்த்து அறிவு எவ்வளவு தேறும்னு என்கிட்ட கேட்காதீங்க, பழகின ஆட்கள்.

உலகமுத்துவுக்கு வயசு நாற்பத்தொண்ணு. ஊருக்கெல்லாம் பொண்ணு தேடிக் கொடுத்தவனுக்குத் தனக்கு ஒண்ணும் அமையல. போன வாரம்தான் கடையநல்லூர் டீச்சர் ஒருத்தி அவன் ஜாதகம் பொருந்துதுன்னு, வெள்ளிக்கிழமைக்குள்ள பேசச் சொல்லி நம்பர் கொடுத்திருந்தா. அது கம்ப்யூட்டரில் பத்திரமா இருந்தது.

அந்தக் கம்ப்யூட்டருக்கு ஆன்டிவைரஸ் போட வந்த பரமேஸ்வரி, இது மட்டும் போதாது, நீங்களும் சூதானமா இருக்கணும்னு மூணு விஷயம் சொன்னா. ஜனங்க விவரத்தை எழுதி மேஜையில் போட்டு வைக்காதீங்க. பாஸ்வேர்டு யாருக்கும் தெரியக்கூடாது. தெரியாதவங்க அனுப்பினதைத் திறக்காதீங்க.

சொன்ன சொல் தட்டாத ஆட்கள். அன்னைக்கே ஜனங்க விவரம் எழுதியிருந்த நோட்டையெல்லாம் கொல்லையில் போட்டுக் கொளுத்தினாங்க. மத்த ரெண்டு பேர் சுவரைப் பார்த்து நிற்க, ஆளுக்கு நாலு எழுத்தா பாஸ்வேர்டு அடிச்சாங்க. அப்புறம் அவங்கவங்க எழுத்தை மறந்துடணும்னு கோயிலில் சத்தியம் பண்ணினாங்க. ரெண்டு பேர் சாயங்காலமே மறந்துட்டாங்க. சுடலைமணிக்கு ரெண்டு நாள் ஆச்சு, பாவம். அதிலிருந்து கம்ப்யூட்டரை அணைக்கிறதே இல்ல.

வியாழக்கிழமை காலையில் மதன்குமார்ங்கிற ஆள்கிட்ட இருந்து ஒரு மெயில். உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கு, கூட அனுப்பினதைத் திறந்து பாருங்கன்னு எழுதி, கீழே போன் நம்பர்.

"தெரியாதவரு அண்ணாச்சி," என்றான் சுடலைமணி.

"அப்ப தெரிஞ்சுக்கிட்டுத் திறப்போம்."

அண்ணாச்சி போன் போட்டார். சொந்த ஊர், மழை தண்ணி, முட்டிவலிக்கு எந்தத் தைலம் நல்லதுன்னு முக்கால் மணி நேரம் பேசினார். தனக்கு இன்னும் கல்யாணம் ஆகலைன்னு அந்தத் தம்பி சொன்னதும் கண் கலங்கிட்டார்.

திறக்கப் போனா, ஆன்டிவைரஸ் சிவப்பா ஒரு கட்டம் காட்டி, ஆபத்து, திறக்க வேண்டாம் என்றது. மூணு பேரும் வேலையை விட்டுட்டு யோசிச்சாங்க.

"அதைக் குத்தம் சொல்லக் கூடாது," என்றான் உலகமுத்து. "நாம பேசிப் பழகினது அதுக்குத் தெரியாதுல்லா."

"விருந்தாளி வந்தா நாயைக் கட்டிப் போடுதோம்லா, அந்த மாதிரி அதைக் கொஞ்ச நேரம் அணைச்சு வை," என்றார் அண்ணாச்சி.

அணைச்சுத் திறந்தாங்க. ஒரே நிமிஷத்தில் உள்ளே இருந்த அத்தனையும் பூட்டிக்கிச்சு. 'உங்க விவரமெல்லாம் இப்ப என் கையில்'னு திரையில் எழுத்து வந்தது. தெரிஞ்சவர் கையிலதானே இருக்குன்னு அண்ணாச்சிக்கு நிம்மதி. டீச்சர் நம்பர் போச்சேன்னு உலகமுத்து மட்டும் தலையில் கை வச்சு உட்கார்ந்துட்டான்.

மறுநாள் அண்ணாச்சி மதன்குமாரைக் கூப்பிட்டு, அந்த ஒரு நம்பரை மட்டும் கேட்டார். அந்த நம்பருக்கு நானே நேத்து போட்டு டீச்சர்கிட்ட பேசிட்டேன், ஞாயிற்றுக்கிழமை பொண்ணு பார்க்க வரச் சொல்லியிருக்காங்க, பெரியவங்கன்னு கூட வர எனக்கு ஆள் இல்ல, நீங்க மூணு பேரும் வரணும் என்றான் அவன். உலகமுத்து சுவர்ப் பக்கம் திரும்பி நின்னு அழுதான். அப்புறம், தெரிஞ்சவங்க கூப்பிட்டா போகாம இருக்க முடியுமான்னு வேட்டிக்கு இஸ்திரி போட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பழத்தட்டைத் தூக்கிக்கிட்டுப் போனதும் அவன்தான். பையனுக்கு என்ன வேலைன்னு டீச்சரோட அப்பா கேட்டார். மதன்குமார் உலகமுத்துவைத் திரும்பிப் பார்த்தான். உலகமுத்து தொண்டையைச் செருமிக்கிட்டு முன்னால் வந்தான்.

"கம்ப்யூட்டரைப் பூட்டுற வேலைங்க. எங்களுதையும் இவருதான் பூட்டினாரு. இன்னைக்கு வரைக்கும் ஒருத்தராலயும் திறக்க முடியல."