ஃபில்டரில் இறங்கிய காபி

கோவில்பட்டிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். அங்கே ஏசி உண்டு, ஆனால் கண்ணுக்குத் தெரியாது. மேல்தளத்துக்கும் அதற்குக் கீழே அடித்திருக்கும் அட்டைக் கூரைக்கும் நடுவில் மெஷின் படுத்திருக்கும். குளிர்ந்த காற்று தகரக் குழாய் வழியாக வந்து, கூரையில் உள்ள கம்பிச் சட்டங்களில் இறங்கும். ஆசை ஆசையாக வாங்கிய பொருளை ஏன் ஒளித்து வைக்க வேண்டும் என்று கேட்டால், அதுதான் நாகரிகம் என்பார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

ஒரு முகூர்த்த நாள் பார்த்து அந்த ஏசி மக்கர் செய்தது. காலையில் தாலி கட்டியாகிவிட்டது, சாயங்காலம் வரவேற்பு. மேடைமேல் தண்ணீர் சொட்டியதே தவிர, குளிர்ச்சி மருந்துக்கும் இல்லை. மண்டபத்து மானேஜர் நெல்லையப்பன் ஏசி கடை முதலாளி தங்கப்பாண்டிக்குப் போன் போட்டார். முதலாளி மாடிப்படியில் வழுக்கி விழுந்து, காலில் மாவுக்கட்டோடு வீட்டில் கிடந்தார். வேலை தெரிந்த ஆட்கள் எல்லோரும் கோயில் கொடைத் திருவிழாவுக்குச் சொந்த ஊருக்குப் போயிருந்தார்கள். மிச்சம் இருந்தது மூன்றே பேர். ஏணியை முன்னால் தூக்கும் வேலாண்டி, பின்னால் தூக்கும் இசக்கிராசு, "ஏணி வருது, விலகுங்க" என்று கத்திக்கொண்டு போகும் தளவாய்.

"நான் போன்ல சொல்லுதத அப்படியே செய்யுங்கலே. சொந்தமா மட்டும் யோசிச்சிராதீங்க" என்றார் முதலாளி.

அந்தப் பழக்கம் அவர்களுக்கு எப்போதுமே இருந்ததில்லை.

வேலாண்டிக்கு இது வெறும் ஏசி வேலை அல்ல, வாழ்க்கைப் பிரச்சினை. மண்டபத்துச் சமையலுக்கெல்லாம் பெரிய தலை பூதத்தான். அவர் மகள் செண்பகக்கனி. அவளைப் பெண் கேட்டுப் போனபோது பூதத்தான் கறாராகச் சொல்லிவிட்டார்: "ஏணி தூக்குதவனுக்கு எம்பொண்ணு கிடையாது. எங்காதுபட ஒருத்தர் உன்ன மெக்கானிக்குன்னு கூப்பிடட்டும். அன்னைக்கே பேசி முடிச்சிருவோம்." அன்று முதல் வேலாண்டி ராத்திரி தூக்கத்தில்கூட யாராவது தன்னை மெக்கானிக் என்று கூப்பிட மாட்டார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்தான்.

மண்டபத்துக்குள் வந்ததும் மூவரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

"மெஷினு எங்க அண்ணாச்சி?" என்று கேட்டான் வேலாண்டி.

"மேலதான் மறைஞ்சிருக்கு" என்றார் மானேஜர், போகிற போக்கில்.

"யாருக்குப் பயந்து மறைஞ்சிருக்கும்?" என்றான் இசக்கிராசு.

"நமக்குத்தான். ஸ்குருவக் கழட்ட வந்திருக்கோம்லா?" என்றான் தளவாய். அந்தப் பயத்தைப் போக்க, மூவரும் செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாக நடந்தார்கள்.

போன் அடித்தது. "மொதல்ல சப்ளை வருதான்னு பாரு" என்றார் முதலாளி.

கரண்டைத்தான் சொன்னார். ஆனால் கல்யாண மண்டபத்தில் சப்ளை என்றால் என்னவென்று பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். மூவரும் பந்தியில் போய் உட்கார்ந்தார்கள். சாம்பார் வந்தது, ரசம் வந்தது, பாயசம் இரண்டு தடவை வந்தது.

"சப்ளை அமோகமா வருது முதலாளி!"

"ஒரே சீரா வருதா? விட்டு விட்டு வருதா?"

வேலாண்டி இலையைப் பார்த்தான். பொய் சொல்லும் ஆள் இல்லை அவன். "அப்பளம் மட்டும் விட்டு விட்டு வருது" என்றான். பந்தி இரைச்சலில் அது முதலாளி காதில் விழவில்லை.

"சரி, ஃபில்டரைக் கழட்டி நல்லாக் கழுவி, நிழல்ல காயப் போடு."

ஃபில்டர் எங்கே இருக்கும் என்பதில் விவாதமே எழவில்லை. நேராக அடுப்படிக்குப் போனார்கள். பூதத்தான் தேங்காய் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். சாயங்காலக் காபிக்காக, குடம் பெரிசு பித்தளை ஃபில்டரில் டிகாஷன் கமகமவென்று இறங்கிக்கொண்டிருந்தது. மூவரும் அதைத் தூக்கிக் கொல்லைக் குழாயடியில் கவிழ்த்து, தேங்காய் நார் போட்டுத் தேய்த்தார்கள். வருங்கால மாமனார் பாத்திரம் என்பதால் வேலாண்டி கூடுதலாகப் புளியும் போட்டான்.

"ஏயப்பா! ஃபில்டர்ல அழுக்குன்னா அழுக்கு முதலாளி. கன்னங்கரேல்னு ஒரு அண்டா வந்துச்சு."

"பாத்தியா? நான் நெனச்சேன்! அதாம்லே கூலிங் வரல. அந்தக் காயிலயும் கழுவிரு."

மெஷினுக்குள் இருக்கும் செம்புச் சுருளைத்தான் அவர் காயில் என்றார். மண்டபத்தில் காயில் என்று இருந்தது, வாட்ச்மேன் அறையில் கொசுவுக்காக ஏற்றி வைத்த சுருள்தான். அதை வாளித் தண்ணீரில் முக்கி இரண்டு தேய் தேய்த்ததும் கரைந்துவிட்டது.

"முதலாளி, காயில் பொலபொலன்னு உதிந்துபோச்சு. ஒரே பச்சையா இருந்துச்சு."

முதலாளி பெருமூச்சு விட்டார். "பச்ச புடிச்சிருக்குன்னா செம்பு அரிச்சுப்போச்சுலே. பாவம் அந்த மானேஜர். சரி, தண்ணி சொட்டுதுன்னாரே, ட்ரெயின் அடச்சிருக்கும். ஒரு வாளித் தண்ணிய ஊத்தி, போகுதான்னு பாரு."

தண்ணீர் வெளியேறும் குழாய்க்கு அந்தத் தொழிலில் ட்ரெயின் என்று பேர். மூவரும் கூடி யோசித்தார்கள்.

"மண்டபத்துல தண்ணி சொட்டுததுக்கும் ட்ரெயினுக்கும் என்னலே சம்பந்தம்?" என்றான் தளவாய்.

"மாப்ள வீட்டுக்காரங்க ட்ரெயின்லதான வந்திருக்காங்க?" என்றான் இசக்கிராசு.

அதற்குமேல் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. இசக்கிராசு வாளியோடு ஸ்டேஷனுக்கு ஓடினான். வியர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்து மூச்சு வாங்கச் சொன்னான்: "கடைசிப் பெட்டி மேல ஊத்துனேன். ஊத்துன ஒடனே விசில் ஊதிட்டுப் போயிருச்சு!"

"ஊத்துன ஒடனே போயிருச்சாம் முதலாளி!"

"அப்ப அடைப்பு இல்ல" என்று சொல்லிவிட்டு முதலாளி குழம்பிப்போனார். அடைப்பு இல்லையென்றால் தண்ணீர் ஏன் சொட்டுகிறது; காயிலோ போயே போய்விட்டது, அதற்குப் போனில் மருந்தும் இல்லை. மண்டபமோ இட்லிக் கொப்பரை மாதிரி வெந்துகொண்டிருந்தது. மணப்பெண்ணின் மேக்கப் கழுத்துக்கு இறங்கிவிட்டது. மானேஜர் வேலாண்டியைப் பார்த்து, "ஏ, ஏணி!" என்று கூப்பிட்டார். வேலாண்டிக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துத் தேங்காய் மூட்டையோடு பூதத்தான் திரும்பி வந்தார். அடுப்படியில் பளபளவென்று காய்ந்துகொண்டிருந்த ஃபில்டரைப் பார்த்தார். கொல்லையில் மணந்துகொண்டிருந்த சாக்கடையைப் பார்த்தார். அடுத்த நொடி கையில் சட்டுவக் கரண்டியோடு மண்டபத்துக்குள் பாய்ந்தார்.

வேலாண்டி ஓடினான். ஓட வேறு இடம் இல்லாமல் மேடையில் ஏறினான். மேடையிலும் சட்டுவம் துரத்தவே, பின்னால் கட்டியிருந்த பூ அலங்காரத் தட்டியில் தொற்றி ஏறினான். காலையில் அலங்காரக்காரர்கள் சுவரை மறைத்து அடித்த தட்டி அது. ஆள் பாரம் தாங்காமல், மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும் வேலாண்டியுமாகச் சேர்ந்து கீழே சரிந்தது.

தட்டிக்குப் பின்னால், உச்சியில், கதவளவுக்கு ஒரு கம்பிச் சட்டம் தெரிந்தது. மண்டபத்துக் காற்றை மெஷின் திரும்ப உறிஞ்சும் வழி. காலையிலிருந்து அதன் மூச்சை அடைத்திருந்தது அந்தப் பூத்தட்டிதான். இப்போது "உஸ்" என்று ஒரு சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மண்டபம் முழுக்கச் சில்லென்று காற்று இறங்கியது. மணப்பெண் அம்மாடி என்று கண்ணை மூடினாள்.

மானேஜர் ஓடி வந்து வேலாண்டியைத் தூக்கி நிறுத்தினார். "கெட்டிக்காரன்யா நீ! எப்படிக் கண்டுபுடிச்சே, மெக்கானிக்கு?"

பூதத்தானின் சட்டுவம் அந்தரத்தில் நின்றது. சபை முழுக்கக் கேட்க ஒருத்தர் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டார். பூதத்தான் முன்கோபக்காரர், ஆனால் சொன்ன சொல் மாறாதவர். சட்டுவத்தை இடுப்பில் சொருகிக்கொண்டார். ஆனாலும் வயிற்றெரிச்சல் அடங்காமல் வேலாண்டியின் போனைப் பிடுங்கி, டிகாஷன் கதையை முதலாளியிடம் கொட்டித் தீர்த்தார்.

போனுக்குள் முதலாளி அலறியது எல்லோருக்கும் கேட்டது. "ஏலே மூதி! ஃபில்டர்னா மேல ஏசியில இருக்குததுலே! இனிமே எவன் ஃபில்டர்னு சொன்னாலும் அடுப்படிப் பக்கமே போகக் கூடாது. ஏணியப் போட்டு மேல ஏறணும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது முதலாளி" என்றார்கள் மூவரும் பயபக்தியோடு.

வரவேற்பு முடிந்து மண்டபம் காலியானதும் பூதத்தான் மூவரையும் மேடை ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். செண்பகக்கனி பட்டுச்சேலையில் வந்து தலை குனிந்து நின்றாள். அவளும் ஓரக்கண்ணால் பார்த்தாள், வேலாண்டியும் பார்த்தான். பேச்சுவார்த்தை நல்லபடியாக முடிந்தது.

"ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போகலாம்" என்றார் பூதத்தான். "புதுசாப் போட்டிருக்கேன். ஃபில்டர்ல இறங்கிட்டு இருக்கு."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலாளி சொன்னது பசுமையாக நினைவில் இருந்தது. இசக்கிராசு ஏணியை எடுத்துச் சுவரில் சாய்த்தான். தளவாய் டம்ளர் கொண்டுவந்தான். வேலாண்டி மடமடவென்று உச்சிக்கு ஏறி, கம்பிச் சட்டத்துக்குக் கீழே டம்ளரை ஏந்தினான். ட்ரெயின் குழாய் அடைப்பை யாரும் எடுக்காததால் ஏசித் தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டுதான் இருந்தது. தூசி படிந்த ஃபில்டர் வழியாக அது நல்ல பழுப்பு நிறத்தில் டம்ளரில் விழுந்தது.

பூதத்தான் வாயைப் பிளந்து மேலே பார்த்தார். வேலாண்டி டம்ளரை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தான்.

"டிகாஷன் கொஞ்சம் லேசுதான் மாமா" என்றான். "ஆனா ஆத்த வேண்டிய வேலையே இல்ல."

டம்ளரை வாயில் வைக்கப் போனான். கீழேயிருந்து, "ஐயோ, குடிச்சிராதீங்க!" என்று ஒரு குரல் பதறியது. செண்பகக்கனிதான். பட்டுச்சேலையை வரிந்து கட்டிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். ஓடின வேகத்தில் திரும்பி வந்து ஏணியில் ஏறினாள்.

"கொஞ்சம் பொறுங்க" என்றாள், சீனி டப்பாவைத் திறந்துகொண்டே. "சீனியே போடலியே!"