இருளப்பனுக்குச் சொல்லாத நன்றி

மலையடிவார மடத்தின் குரு அமுதவல்லிக்கு முப்பத்தாறு வயது. முன்பு பள்ளியில் வேதியியல் நடத்தியவர். அவரிடம் சீடராக வந்து சேர்ந்த தங்கப்பழத்துக்கு அறுபத்திரண்டு. சுண்ணாம்புக் காளவாயில் கல் சுட்டுக்கொண்டிருந்தவர்.

மடத்துக்கு வந்து மூன்று மாதம் வரை அவர் எதுவும் கேட்கவில்லை. ஒருநாள் காலை, விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து நின்றார்.

"அம்மா, செத்துப்போனவனுக்கு எப்படி நன்றி சொல்வது?"

"யார் அவர்?"

"இருளப்பன். காளவாயில் கூட வேலை பார்த்தவன். சுட்ட சுண்ணாம்பு ஒருநாள் என் இரண்டு கண்ணிலும் தெறித்துவிட்டது. கசக்கப் போனேன். கையை முறுக்கிப் பிடித்து, தொட்டியடிக்கு இழுத்துப் போய், தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தான். அரைமணி நேரம். வலி தாங்காமல் அவனை அடித்தேன். அவன் தாயை இழுத்துத் திட்டினேன். தன் உதடு கிழிந்து ரத்தம் வந்தும் அவன் விடவில்லை."

"கண்?"

"இதோ, உங்களைப் பார்க்கிறேனே."

"அவரிடம் ஒன்றும் சொல்லவில்லையா?"

"திட்டிவிட்ட வெட்கம். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று பதினோரு வருஷம் போய்விட்டது. போன ஐப்பசியில், சொல்லியே தீர்வதென்று ஒரு வாழைத்தாரோடு அவன் ஊருக்குப் போனேன். வீட்டில் பதினாறாம் நாள் காரியம் நடந்துகொண்டிருந்தது."

தங்கப்பழம் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"கண் திறந்து எதைப் பார்த்தாலும் அவன் ஞாபகம்தான். வாங்கிக்கொள்ள அவன் இல்லையே அம்மா."

அமுதவல்லி, சுவருக்கு வெள்ளையடிக்க வாங்கி வைத்திருந்த சுண்ணாம்பில் ஒரு கட்டியைக் காட்டினார்.

"இதில் நீங்கள்தான் கைதேர்ந்தவர். நீற்றுங்கள்."

தங்கப்பழம் முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, இடுக்கியால் அதைப் பானைத் தண்ணீரில் இறக்கினார். சீறிற்று. அடுப்பில்லாமலே தண்ணீர் கொதித்தது.

மறுநாள் காலைக்குள் சுண்ணாம்பு அடியில் படிந்து, மேலே தண்ணீர் தெளிந்திருந்தது. அமுதவல்லி அதைக் கலங்காமல் ஒரு கண்ணாடித் தம்ளரில் வடித்தார்.

"காளவாயில் போடும்போது கல் கனமா, எடுக்கும்போது கனமா?"

"போடும்போதுதான் அம்மா. சுட்டபின் ஏறக்குறையப் பாதிதான் இருக்கும்."

"மீதி?"

"தீ தின்றிருக்கும்."

"தீ தின்னவில்லை. சூட்டில் கல்லைவிட்டு ஒரு வாயு பிரிந்து போய்விடுகிறது. கார்பன் டை ஆக்சைடு. அது போனபின் மிஞ்சுவதுதான் உங்கள் சுட்ட சுண்ணாம்பு."

பப்பாளி இலைக் காம்பு ஒன்றை ஒடித்து அவரிடம் கொடுத்தார்.

"தம்ளருக்குள் விட்டு ஊதுங்கள். உறிஞ்சிவிடாதீர்கள்."

தங்கப்பழம் ஊதினார். குமிழி எழுந்தது. மறுபடி ஊதினார். தெளிந்திருந்த தண்ணீர் மெல்ல மங்கி, பாலாய் வெளுத்தது.

"அம்மா!"

"போதும். கொஞ்சம் இருங்கள்."

இருவரும் தம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெண்மை துகள் துகளாக அடியில் இறங்கியது.

"படிகிறதே, அது என்ன தெரிகிறதா? காளவாயில் போடுவீர்களே, அந்தக் கல்லின் பொருளேதான்."

"மறுபடி கல்லாகிவிட்டதா? அப்படியென்றால், விட்டுப்போன வாயு திரும்பி வந்துவிட்டதா?"

"அது எந்த ஊர் வானத்தில் இருக்கிறதோ! சுண்ணாம்பு அதற்காகக் காத்திருக்கவில்லை. பக்கத்தில் நீங்கள் இருந்தீர்கள். உங்கள் மூச்சில் இருந்ததைக் கொடுத்தீர்கள், வாங்கிக்கொண்டது."

தங்கப்பழம் தம்ளரைக் கையில் எடுத்துப் பார்த்தார். கண்கள் நிறைந்து வழிந்தன. துடைக்கவில்லை.

பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"காளவாயில் இப்போது எல்லாரும் புது ஆட்கள் அம்மா. கண்ணில் பட்டால் கசக்கத்தான் செய்வார்கள். எப்படிப் பிடித்துக் கழுவுவதென்று ஒருவருக்கும் தெரியாது."

அமுதவல்லி மணியைப் பார்த்தார்.

"அடுத்த பஸ் பத்தரைக்கு, ஐயா. சாப்பிட்டுவிட்டே கிளம்பலாம்."