ஆளமுக்கி மடுவில் முதல் முழுக்கு

மந்திரிகள் அரசருக்கு யோசனை சொல்லப் பிறந்தவர்கள் என்றொரு தவறான எண்ணம் உலகத்தில் பரவிக் கிடக்கிறது. ஆதாரமற்ற அந்தக் கருத்தை இங்கேயே மறுத்துவிடுவது நம் கடமை. மந்திரிகள் நடக்கப் பிறந்தவர்கள்.

முன்னொரு காலத்தில் வேங்கைமலை நாட்டைக் கோதண்ட பூபதி என்ற ராஜா ஆண்டுவந்தார். அவருடைய மந்திரி குழைக்காதர் அப்படித்தான் நடந்தார். வேட்டைக்குப் போன ராஜா வழிதவறி, நிற்கும் இடத்தின் பெயர்கூடத் தெரியாமல் அலைந்துவிட்டு வந்த எரிச்சலில், அடிவாரத்துப் பாறை, பள்ளம், மடு எல்லாவற்றின் பெயரையும் எழுதிவரச் சொன்னார். முழங்கால் வலிக்கு ஓய்வு கேட்கலாம் என்று வந்த குழைக்காதருக்கு இந்த உத்தரவுதான் கிடைத்தது.

கழுதை உருண்ட பள்ளம், மாமியார் அழுத மேடு என்று ஓலையில் எழுதிக்கொண்டே போனார். ஆறு வளைந்து கருத்துக் கிடந்த ஓரிடத்துக்கு ஆளமுக்கி மடு என்று பெயர். அடியில் சுழல், இறங்கியவர் ஏறியதில்லை. இதைவிட நல்ல பெயர் கிடையாதா என்று அங்கே ஆடு மேய்த்த பேச்சியைக் கேட்டார்.

"நல்ல பேரு வச்சா பிள்ளைக எறங்கிருமே, சாமி."

ஓலை சபையில் வாசிக்கப்பட்டது. மந்திரி பதவிமேல் நெடுநாளாகக் கண் வைத்திருந்த அலங்காரக் கவிராயர் காதைப் பொத்திக்கொண்டார். இதெல்லாம் மன்னர் நாவுக்குத் தகுமா என்று கேட்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாவற்றுக்கும் புதுப்பெயர் சூட்டினார். ஆளமுக்கி மடு ஆனந்த தீர்த்தம் ஆயிற்று. சொக்கிப்போன ராஜா, தம் ஜன்ம நட்சத்திரத்தன்று ராணியோடு அங்கே நீராடப்போவதாக அறிவித்தார். குழைக்காதர் சுழலைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தார். நடக்கச் சோம்பல்பட்டு மடுமேல் பழி போடுகிறார் என்றார் கவிராயர். சபை சிரித்தது.

மேலும் தடுத்தால் ராஜா வீம்புக்கு அன்றைக்கே போய் இறங்குவார். குழைக்காதர் முழங்காலைத் தடவிக்கொண்டார்.

அந்த நாளும் வந்தது. ராஜா கரையில் மேலாடையைக் களையும்போது குழைக்காதர் அலுப்போடு சொன்னார்:

"பெயர் சூட்டியவர்தான் முதல் முழுக்குப் போட வேண்டும், மகாராஜா. இந்தப் பக்கத்து வழக்கம்."

அந்த வழக்கம் பிறந்து ஒரு நாழிகைகூட ஆகியிருக்கவில்லை.

ராஜா பெருந்தன்மையோடு வழிவிட்டார். கவிராயர் நாள் சரியில்லை என்றார், சளி என்றார், தம் பரம்பரையில் எவரும் ஆற்றில் குளித்ததில்லை என்றார். ராஜா தோளில் கை வைத்ததும் கவிராயர் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"வேண்டாம், மகாராஜா. இது ஆளமுக்கி மடு."

"பெயர்தான் மாறிவிட்டதே?"

"மடு மாறவில்லை, மகாராஜா."

ராணிதான் முதலில் சிரித்தாள். ராஜா மேலாடையை எடுத்துப் போர்த்திக்கொண்டார். பழைய பெயர்களே நிலைக்கும் என்றும், கவிராயர் தினமும் சபையில் அவற்றை உரக்க வாசிக்க வேண்டும் என்றும் ஆணையிட்டார். பிறகு குழைக்காதரைத் தழுவி, என்ன பரிசு வேண்டும் என்று கேட்டார். ஓய்வு என்று அவர் சொல்லி முடிப்பதற்குள், இத்தனை நேர்த்தியாக எழுதுபவருக்கு மேற்கு மலையையும் தந்தோம் என்றார். எழுதுவதற்கு.

மேற்கே போகும் வழியில் குழைக்காதர் அந்தக் கரையைக் கடந்தார். அங்கே நின்ற பேச்சி, அவர் கேட்காமலே, அந்த இடம் இப்போது 'கவிராயர் உட்கார்ந்த துறை' என்றாள். அவர் எழுத்தாணியை எடுத்து அதையும் எழுதிக்கொண்டார்.