ஆற்றோடு விட்ட வேட்டி

ஆற்றங்கரையில், படித்துறைக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டுக் குடில். அதில் வடிவம்மை என்றொரு துறவி இருந்தார். அவருக்கு ஒரே ஒரு சீடர். டவுனில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் சிவசைலம். சீடர் குருவைவிட வயதில் மூத்தவர். அவர் குருவை அம்மா என்பார்; மூத்தவர் என்பதால் குரு அவரை அண்ணாச்சி என்பார். இரண்டு பேருக்கும் அது ஒத்துப்போனது.

அந்தத் துறைக்கு ஒரு வழக்கம் உண்டு. தோஷம் கழிக்க வருகிறவர்கள் முங்கி எழுந்து, உடுத்தியிருந்த துணியை ஆற்றோடு விட்டுவிடுவார்கள். மாற்றுத்துணி கட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்கள். தண்ணீருக்கடியில் கிடக்கும் துணிகளைத் துறட்டியால் இழுத்துக் கரையில் போடுவது அம்மாவின் காலை வேலை.

ஒரு வெள்ளிக்கிழமை சிவசைலம் வந்தபோதும் அம்மா அதைத்தான் செய்துகொண்டிருந்தார். மேலே சாலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் 'பூமியைக் காப்போம்' என்று தட்டி பிடித்துக் கோஷம் போட்டுக்கொண்டு போனார்கள்.

"அம்மா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க."

"பூமியக் காப்பாத்தணும்னு இப்ப எல்லாரும் சொல்லுதாவ. எங்க அய்யா காலத்துல இப்படி ஒரு பேச்சே கிடையாது. மனுசனுக்கு இந்த நெனப்பு மொதமொதல்ல எப்படி வந்திருக்கும்?"

அம்மா அவர் கக்கத்தைப் பார்த்தார். "அது என்ன பொட்டலம்?"

"வேட்டி."

"எனக்கு யாவாரம் பண்ண வந்தியளா?"

சிவசைலம் சிரிக்கவில்லை. பொட்டலத்தையும் அதன்மேல் இருந்த சோப்பையும் கையில் எடுத்துப் பிடித்துக்கொண்டார்.

"மகளுக்கு இது ஏழாம் மாசம். முன்னால ரெண்டு தங்கல. என் ஜாதகத்துல உள்ள தோஷம்தான் அவளப் பிடிச்சு ஆட்டுதுன்னு ஜோசியர் சொல்லுதாரு. இங்க முங்கி, துணிய விட்டுட்டா, அதுவும் தண்ணியோட போயிருமாம். திரும்பி மட்டும் பாக்கக் கூடாதாம். பாத்தா கூடவே வந்துருமாம்."

அம்மா துறட்டியைச் சாய்த்து வைத்தார்.

"சரி, முங்குங்க."

"வேண்டாம்னு சொல்லுவியன்னு நெனச்சேன்."

"பிள்ளை விசயம். நான் என்னத்தச் சொல்ல? அந்த சோப்ப மட்டும் மேலயே வச்சிட்டு இறங்குங்க. மீன் எதுவும் கேக்கல."

அவர் இறங்கினார். முங்கினார். இடுப்பில் துண்டைச் சுற்றிக்கொண்டு, பழைய வேட்டியைத் தண்ணீரில் விட்டார். கரையேறிப் புதுவேட்டியைக் கட்டினார். கழுத்து சுளுக்கியவர்போல விறைப்பாகப் படியேறினார்.

"அண்ணாச்சி."

நின்றார். திரும்பவில்லை.

"மகள எந்த ஊர்ல கட்டிக் குடுத்திருக்கிய?"

"தெரியாத மாதிரி கேக்கிய? கீழத்துறைலதான்."

"அது எந்தப் பக்கம்?"

"இப்படியே ஆத்தோட போனா..." என்றவர் நிறுத்திக்கொண்டார்.

"அங்க குடிக்கிறதுக்கு எந்தத் தண்ணி?"

சிவசைலத்துக்குச் சம்பந்தி வீட்டுக் குழாய் நினைவுக்கு வந்தது. அதிலும் இந்த ஆற்றுத் தண்ணீர்தான். அதன் வாயில் துணி கட்டித்தான் தண்ணீர் பிடிப்பார்கள். போன மாதம் பார்த்திருந்தார். அந்தத் துணியும் அவர் கடையில் கிழித்துக் கொடுத்ததுதான்.

 ஆற்றைத் திரும்பிப் பார்த்தார்.

வேட்டி அதிக தூரம் போயிருக்கவில்லை. கொஞ்சம் கீழே நாணலில் மாட்டிக்கொண்டு அசைந்தது. அவர் படிகளில் தடதடவென்று இறங்கினார். புதுவேட்டியோடேயே தண்ணீருக்குள் போனார்.

தன் வேட்டியை மட்டும் எடுக்கத்தான் போனார். அது ஒரு பச்சைச் சேலையில் சிக்கியிருந்தது. சேலை ஒரு சட்டையில், சட்டை ஒரு பாவாடையில். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. எல்லாவற்றையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சேறு வழிய, மூச்சு வாங்கக் கரையேறினார்.

"ரெண்டு வேட்டியும் நனைஞ்சாச்சா? காயிற வரைக்கும் வீட்டுக்குப் போக முடியாது. உக்காருங்க" என்றார் அம்மா.

அவர் உட்காரவில்லை. 

"திரும்பிப் பாத்துட்டேனேம்மா. தோஷம் என்கூடயே வந்துருமே?"

"வரட்டும். உங்ககிட்ட இருந்தா மககிட்ட போகாதுல்ல?"

சிவசைலம் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு கடைசிப் படியில் உட்கார்ந்து, துணிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பிழிய ஆரம்பித்தார். அம்மா வாங்கிப் பாறையில் விரித்தார். பச்சைச் சேலை நல்ல சேலை. எந்த ஊர் நெசவு என்று சிவசைலத்துக்குப் பார்த்ததும் தெரிந்தது. யாருடையது என்று தெரியவில்லை.

பாதி முடிந்திருக்கும்போது சொன்னார்.

"பூமியக் காப்பாத்துற நெனப்பு எப்படி வந்திருக்கும்னு மொதல்ல கேட்டேன். நீங்க அதுக்குப் பதிலே சொல்லலையே."

அம்மா துறட்டியை எடுத்து மறுபடியும் தண்ணீருக்குள் விட்டார்.

"யாரோ ஒருத்தரு மகள ஆத்தோட கீழ்ப்பக்கம் கட்டிக் குடுத்திருப்பாரு, அண்ணாச்சி."