கண்ணில்லாப் பாடகியும் கவனப் பகடையும்

காதை மட்டும் கொடுத்தால் போதாது, கண்ணையும் கொஞ்சம் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். கதை முடிகிற இடத்தில் உங்களிடம் ஒரு வழக்கு வரப்போகிறது. தீர்ப்பு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பாளையங்கோட்டையில் ஜெசிந்தா என்று ஒருத்தி. வார நாட்களில் வங்கி வேலை. ஞாயிறு மதியம் ஆனால் அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு உலகமே இறங்கிவிடும். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாக மாறி ஆடுகிற கதை விளையாட்டு அது. காடும் மலையும் கள்வரும் ஜெசிந்தாவின் வாயிலிருந்து வருவார்கள். தன் பாத்திரம் என்ன செய்கிறது என்று ஆடுபவர் சொல்வார். அது பலித்ததா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். காலண்டர் அட்டைகளை ஒட்டிச் செய்த மறைப்புக்குப் பின்னால், கதையை நடத்துகிற நாற்காலி அவளுடையது. எதிரியை ஒளித்து வைத்துத் திடீரென்று பாய விடுகிற பதுங்கலைத் தன்னைப்போல் வைக்கத் திருநெல்வேலிச் சீமையிலேயே ஆள் கிடையாது என்ற கர்வம் அவளுக்கு உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், உண்மைதானே.

பதுங்கல் வைப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. "யார் கண்ணில் என்ன படுகிறது, பகடையை உருட்டுங்கள்" என்று சொன்ன மாத்திரத்தில், எதிரி ஒளிந்திருக்கிறான் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும். அதுவரை கொட்டாவி விட்ட வீரன்கூட வாளை உருவுவான். அதனால் எல்லாருடைய கவனப் பகடையையும் ஜெசிந்தாவே மறைவில் உருட்டுவாள். அந்தச் சத்தம் காட்டிக்கொடுத்துவிடக் கூடாதே என்று, ஒன்றும் நடக்காத நேரத்திலும் வெற்றுப் பகடை ஒன்றை உருட்டிவிட்டு, டீயை உறிஞ்சியபடி ஜன்னலைப் பார்ப்பாள். அந்த மேசைக்கு ஒரே ஒரு சட்டம்: கதைக்குள் இருப்பவருக்குத் தெரியாதது, ஆடுபவருக்கும் தெரியாது.

இப்படி இருக்கையில் அவளுக்கு ஓசூருக்கு மாற்றல் வந்தது. ஆசை ஆசையாக வளர்த்த மேசையை யார் கையில் விட்டுப் போவது என்று ஜெசிந்தா தவித்துப்போனாள். ஆடுகிற மூவருக்குமே நாற்காலி மேல் ஒரு கண்.

"இன்னைக்குக் கதையில ஒரு பதுங்கல் இருக்கு. யார் மொதல்ல கண்டுபிடிக்காங்களோ, நாற்காலி அவங்களுக்கு. சட்டம் ஞாபகம் இருக்கட்டும்," என்றாள்.

மூவரில் இர்ஃபானின் பாத்திரம் வழிகாட்டி, கூர்மையான கண்ணுக்குப் பேர்போனவன். சொர்ணராஜின் பாத்திரம் வாள்வீரன். மதிவதனியின் பாத்திரம் பார்வையில்லாத பாடகி. இரண்டு வருடமாக அந்தப் பாடகியை மதி பெற்ற பிள்ளையைப் போல வளர்த்திருந்தாள்.

கதையில் உப்பு வண்டி ஒன்று மலையடிவாரத்தில் போய்க்கொண்டிருந்தது. வழிகாட்டி முன்னால், வீரன் பின்னால், பாடகி வண்டியைப் பிடித்தபடி பாடிக்கொண்டு நடுவில். ஜெசிந்தா வழக்கம்போல் பகடையை உருட்டினாள், ஜன்னலைப் பார்த்தாள். இன்னும் கொஞ்ச தூரம் போனது வண்டி. மறுபடி உருட்டினாள், குனிந்து பார்த்தாள். மதி கடித்த அச்சுமுறுக்கை அப்படியே தட்டில் வைத்தாள். ஜெசிந்தா நிமிர்ந்து, இர்ஃபானிடம் சொன்னாள்: "பொழுது சாயுது. காக்கைங்க எல்லாம் ஆலமரத்தைச் சுத்திச் சுத்திப் பறக்கு. ஒண்ணுகூட உக்காரல. இது ஒன் கண்ணுக்கு மட்டும்தான் தெரியுது."

"சரிக்கா, நான் பாட்டுக்கு நடக்கேன்," என்றான் இர்ஃபான்.

சொர்ணராஜ் ஒரு கணம் யோசித்தான். "நான் வாளை உருவிட்டு வண்டிமேல ஏறி நிக்கேன்."

"நீ என்ன செய்யுத, மதி?"

"அவ பாடிக்கிட்டே நடக்கா, அக்கா."

மரத்திலிருந்து அம்புகள் பாய்ந்தன. வாள்வீரன் தயாராக நின்றதால் வண்டி தப்பியது. முதல் அம்பு பாட்டு வந்த திசைக்குத்தான் போயிற்று. பாடகி செத்துப்போனாள்.

மேசையில் சண்டை மூண்டது. "காக்கையைப் பாத்தது என் ஆளு. பகடையே எனக்குத்தான விழுந்துச்சு! நாற்காலி எனக்கு," என்றான் இர்ஃபான்.

"பாத்து என்னல செஞ்ச? நேரே போயி மாட்டிக்கிட்ட! அக்கா குனிஞ்சு பாத்ததுமே எனக்குப் புரிஞ்சிட்டு. வண்டியைக் காப்பாத்துனது நான்," என்றான் சொர்ணராஜ்.

மதி மெதுவாகச் சொன்னாள்: "எனக்கும் தெரியும்க்கா. ஆனா அவளுக்குத் தெரியாதுல்லா."

"முடிஞ்சபெறவு யாரும் சொல்லலாம்ட்டி!" என்று சொர்ணராஜ் சிரித்தான்.

கண்டது வழிகாட்டி. காத்தது வீரன். தெரிந்தே நடந்தேன் என்கிறாள் பாடகியை இழந்தவள், அதற்குச் சாட்சி யாருமில்லை. சொல்லுங்கள், நாற்காலி யாருக்கு?

விடை: சாட்சி தட்டில் இருந்தது. வெற்றுப் பகடை என்றால் ஜன்னலைப் பார்க்கிற ஜெசிந்தா, அந்த முறை குனிந்து எண்ணைப் பார்த்தாள். காக்கையைப் பற்றி அவள் வாய் திறப்பதற்கு முன்பே மதி முறுக்கைக் கீழே வைத்துவிட்டாள். ஆகவே முதலில் கண்டுகொண்டது அவள்தான். இர்ஃபான் பார்த்தான், புரிந்துகொள்ளவில்லை. சொர்ணராஜ் புரிந்துகொண்டான், ஆனால் வீரனுக்குத் தெரியாததை வீரன் கையில் கொடுத்துச் சட்டத்தை மீறினான். மதி ஒருத்திதான் கண்டும், உயிராக வளர்த்தவளைக் காப்பாற்ற அதைப் பயன்படுத்தாமல் விட்டாள். மறைப்புக்குப் பின்னால் உட்காருகிறவருக்கு எல்லாம் தெரியும், தெரிந்ததைக் கதையில் கலக்காத மனக்கட்டுப்பாடுதான் வேண்டும். ஜெசிந்தா எழுந்து நாற்காலியை மதியின் பக்கம் தள்ளினாள். தன் பதுங்கலைத் தோற்கடித்தவளைத் தானே வளர்த்திருக்கிறோம் என்று அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. மதி கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வெற்றுப் பகடை ஒன்றை உருட்டினாள். உருட்டிவிட்டு, குனிந்து கவனமாகப் பார்த்தாள்.